தொட்டியோரத்து ஆப்பிள்

எட்டு முடிந்தது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. எட்டுத் தட்டுக்கும் அடியில் எட்டுச் சீட்டு செருகியாயிற்று, என் கையெழுத்தில், கோழி கிளறின மாதிரி என்று என் மகள் பூரணி சொல்லுவாள், கிளறட்டும், பேர் சரியாக இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லட்டும். எல்லாம் ஆப்பிள் ரகம், ரோம் பியூட்டி இரண்டு மரம், பார்லின்ஸ் பியூட்டி மூன்று, கோல்டன் டெலிஷியஸ் ஒன்று, வின்டர் பனானா ஒன்று, அதன் விலாவில் தையல் போட்ட மாதிரி ஒரு கோடு ஓடும், கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவிச் சொல்லிவிடுவேன். ஐரிஷ் பீச் ஒன்று, சீசன் முடிந்து மூன்றே மூன்று பழம், மூன்றிலும் குருவி வாய் வைத்திருந்தது, அந்த எச்சிலைப் பார்த்தும் சொன்னேன். யாரிடம் சொன்னேன், எனக்கு நானேதான். மணி பதினொன்று. டாக்டர் எமர்சன் ஒரு மணிக்கு வந்துவிடுவார். பல் டாக்டர், ரிடையராகி கொடைக்கானலில் இந்தப் பங்களாவை வாங்கியவர், பின்னால் வெள்ளைக்காரன் காலத்து ஆப்பிள் தோட்டம் ஒன்று வந்து சேர்ந்தது, ஒன்பது மரம், ஒன்றுக்கும் பேர் தெரியாது. பித்தளையில் ஒன்பது தகடு வெட்டி, துளை போட்டு, பாலிஷும் போட்டு வைத்திருக்கிறார், பேர் பொறித்துத் தொங்கவிட வேண்டியதுதான் மிச்சம். அரசுப் பழப்பண்ணையில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவள், வேதநாயகி மேடத்துக்குத் தெரியாத பழமே இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், புண்ணியவான். உடனே வருகிறேன் என்று நான் சொன்னதன் காரணம் அவருக்குத் தெரியாது. வியாழக்கிழமை மதுரையில் பூரணி எனக்கு ஒரு டாக்டரைப் பார்த்து வைத்திருக்கிறாள், ஞாபக டாக்டர். "சும்மா ஒரு டெஸ்ட்தாம்மா, பேர் கேப்பாங்க, தேதி கேப்பாங்க, கடிகாரம் வரையச் சொல்லுவாங்க" என்கிறாள், பெற்ற பெண்ணே என்னிடம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் மாதிரி பேசுகிறாள். அப்போதுதான் எனக்குள் பந்தயம் கட்டினேன். ஒன்பது மரத்துக்கும் பேர் சொல்லிவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை, மதுரைக்குப் போகவேண்டாம். ஒன்று தவறினாலும் அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. சின்னப்பிள்ளைத்தனம்தான். கோயிலில் பூக்கட்டிப் பார்த்துக் கல்யாணத்தை முடிவு செய்கிறார்களே, அவர்களைப் பார்த்து மட்டும் யாரும் சிரிப்பதில்லை. இன்று செவ்வாய். எட்டு வந்துவிட்டது.

ஒன்பதாவது தட்டில் நாலு பழம். சின்னது, என் கைக்குள் முழுசாக ஒளிந்துகொள்ளும், பச்சை கலந்த மஞ்சள், காம்புக் குழியைச் சுற்றிக் கொஞ்சம் சொரசொரப்பு, அடியில் பூ உதிர்ந்த கண் மூடியிருக்கிறது. காதருகே வைத்துக் குலுக்கினேன், விதை ஆடவில்லை, கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. குறுக்கே வெட்டினால் ஐந்து அறை, அறைக்கு இரண்டு விதை, குட்டையான தடித்த விதை. எல்லாம் பார்த்தாயிற்று, எதுவும் பேர் சொல்லவில்லை. பிறகு ஒரு துண்டு வாயில் போட்டேன். போட்ட உடனே உடம்பெல்லாம் ஒரு நிம்மதி, இதுவா, இவ்வளவுதானா, இதை எனக்குத் தெரியுமே. முதலில் புளிப்பு, பல் கூசுகிற புளிப்பு, பிறகு இனிப்பு, விழுங்கின பிறகு நாக்கின் அடியில் சோம்பு மென்ற மாதிரி ஒரு வாசனை தங்கும். அந்தச் சோம்பு வருவதற்கு முன்னாலேயே அது வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. வந்தது. தெருவில் எதிரே வருகிற சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி வந்தது. பேனாவை எடுத்தேன், சீட்டில் முனையை வைத்தேன், இதன் பேர், இதன் பேர். இல்லை. தொண்டை வரை வந்து நிற்கிறது. ஒரு சொல்லா, இரண்டு சொல்லா, அதுகூடத் தெரியவில்லை. இதை எத்தனை தடவை தின்றிருக்கிறேன், நின்றுகொண்டு தின்றிருக்கிறேன், புடவைத் தலைப்பில் துடைத்துத் தின்றிருக்கிறேன், முதுகில் வெயில் இருந்தது, பக்கத்தில் யாரோ மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்த சத்தம் இருந்தது, இவ்வளவும் இருக்கிறது, பேர் மட்டும் இல்லை. சரி, அவசரப்படாதே, அகர வரிசையில் போவோம், அ, ஆ, இ, ஒவ்வொரு எழுத்தின் முன்னாலும் கொஞ்சம் நின்று பார். பார்த்தேன். எந்த எழுத்தும் கதவைத் திறக்கவில்லை. வெட்டின துண்டு அதற்குள் ஓரம் பழுப்பேற ஆரம்பித்துவிட்டது.

இப்படித்தான் ஆரம்பிக்கும். அக்காவுக்குப் பேரில்தான் ஆரம்பித்தது. மார்க்கெட்டில் நின்றுகொண்டு "அந்தப் பச்சை, ரசத்துக்குப் போடுவோமே, அந்தப் பச்சை" என்று கையை ஆட்டினாள், கடைக்காரர் கொத்தமல்லியை எடுத்து நீட்டினார், நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம், வீடு வரும்வரை சிரித்தோம். என்னைவிட ஆறு வயது மூத்தவள், அத்தான் போன பிறகு என்னோடு இருக்க வந்தவள், இருபது வருஷம் கணக்கு டீச்சர், பதினாறாம் வாய்ப்பாடு தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவாள். கொத்தமல்லி போயிற்று, பக்கத்து வீட்டுக்காரர் பேர் போயிற்று, அத்தான் பேர் போயிற்று, கடைசியில் என் பேர். மூன்று வருஷத்தில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி என் அக்கா தேய்ந்தாள். எனக்கும் போன மாதம் கேஸ் புத்தகம் ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. அதை யார் வைத்திருப்பார்கள், நான் தனியாள். எதிர் வீட்டு மலையாளத்து அம்மாவை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, பேர் வராமல், "வாங்க வாங்க" என்று இரண்டு தடவை சொல்லி ஒப்பேற்றினேன். அறுபத்தெட்டு வயதில் எல்லாருக்கும் வருவதுதான் என்று டிவியில் ஒருவர் சொன்னார், அக்காவின் விஷயத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். நான் விடவில்லை, மூளைக்குப் பயிற்சி கொடுத்தால் தங்கும் என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு தினமும் காலையில் அவளுக்குப் பரீட்சை வைத்தேன். இரண்டு டம்ளர் காபி கொண்டுபோய் எதிரே உட்காருவேன். "என் பேர் என்ன சொல்லுக்கா, சொன்னாத்தான் காபி" என்பேன். விளையாட்டாகத்தான். முதலில் விளையாட்டாகத்தான். அவள் என் முகத்தையே பார்ப்பாள், கன்னத்தைத் தொடுவாள், "தெரியும்டி, தெரியும், பேர்தான்" என்பாள். நான் விடுவேனா, "வே... வே..." என்று எடுத்துக் கொடுப்பேன், "வே..." என்று அவளும் சொல்லுவாள், அதற்கு மேல் போகாது. ஒருநாள் "வேண்டாம்" என்று முடித்தாள். எனக்குக் கோபம் வந்தது, ஆமாம், வந்தது, டம்ளரை டொக்கென்று வைத்தேன். வேண்டாம் இதெல்லாம், இப்போது எதற்கு, பழத்தைப் பார்.

"மேடம், இன்னும் பழம் பறிச்சாரவா?" என்று வாசல்படியிலிருந்து மிக்கேலம்மா கேட்கிறாள். தோட்டமும் சமையலும் அவள்தான், ஐம்பது வயதிருக்கும், ஆண்பிள்ளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தலையில் துண்டு கட்டியிருக்கிறாள். காலையில் கேட்டில் வண்டி நின்றதும் ஓடிவந்து "எம்பேரு மிக்கேலம்மாங்க, ஐயா உங்களை நல்லாக் கவனிக்கச் சொன்னாரு" என்றாள். மரத்துக்கு மரம் நான் போயிருக்க வேண்டும், மூட்டுவலி என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளைப் பறித்துக்கொண்டுவரச் சொல்லிவிட்டேன். "வேண்டாம்மா, போதும்" என்றேன். "வெட்டி வெட்டி வெச்சிருக்கீங்களே, கறுத்துப்போகுதே, உப்புத்தண்ணியில போடட்டுமா?" என்றாள். "கறுக்கிற வேகம்கூட ஒரு அடையாளம்தான், விடு" என்று நான் கொஞ்சம் மிடுக்காகச் சொன்னேன், உள்ளே கிடக்கிற கலவரம் வெளியே தெரியக்கூடாதே. அவள் ஒன்பதாவது தட்டைப் பார்த்தாள், அதன் அடியில் சீட்டு இல்லாததையும் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் போனாள். கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். பனி இறங்கி வந்து கண்ணாடிக் கதவில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது, தோட்டம் தெரியவில்லை, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு மட்டும் கோடாகத் தெரிகிறது. ஏதாவது ஒரு பேரை எழுதிவிட்டால் என்ன. யாருக்குத் தெரியப்போகிறது. எமர்சன் நன்றி சொல்லிவிட்டுப் பொறிக்கக் கொடுத்துவிடுவார், பித்தளையில் ஏறிவிட்டால் அதுதான் பேர், இன்னும் நூறு வருஷத்துக்கு அதுதான் பேர். கோல்டன் டெலிஷியஸ், நிழலில் காய்த்தது, அதனால் சின்னது என்றால் யார் மறுப்பார்கள். "கோல்" என்று எழுதிவிட்டேன். எழுதின கை என் கைதான், பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடித்தேன். பந்தயம் எமர்சனோடு இல்லையே. எனக்கு நானே பொய் எழுதி எனக்கு நானே பாஸ் போட்டுக்கொண்டால் பூனை கண்ணை மூடின கதைதான். சீட்டைக் கசக்கி ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன், இன்னொரு சீட்டு எடுத்தேன். மணி பன்னிரண்டு பத்து. இன்னொரு துண்டு தின்றேன். புளிப்பு, இனிப்பு, சோம்பு. தெரியும், தெரியும், சனியனே, உன்னை எனக்குத் தெரியும், பேர்தான். நான் என்ன சொன்னேன் இப்போது. வாய்விட்டே சொல்லிவிட்டேனா. பயமாக இருக்கிறது, அதைச் சொல்ல என்ன வெட்கம், பயமாக இருக்கிறது, அக்கா கடைசியில் சாப்பாட்டை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க வேண்டும் என்பதையே மறந்து உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பயம். பூரணி என் எதிரே டம்ளரோடு உட்காருவாள். என்னைப் போலவே பிடிவாதக்காரி.

காலடிச் சத்தம் கேட்கிறது, டீ. "குடிங்க மேடம், காலையிலருந்து ஆப்பிளாத் தின்னு வயிறு என்னாத்துக்காகும்" என்று வைக்கிறாள். வைத்துவிட்டு நிற்கிறாள். முப்பத்து நாலு வருஷ கௌரவத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கி, "ஏம்மா, இந்தப் பழம், இதை இங்கே என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "பேரா? தொட்டியோரத்துல நிக்கிறதால தொட்டி மரம்னுவோம். வேற என்னாத்துக்குப் பேரு." "வெள்ளைக்காரர்கள் வைத்ததுதானே?" "ஐய, இல்லைங்க. மத்த எட்டும் அவங்க வெச்சது. அந்த எடத்துல நின்ன பழைய மரம் பட்டுப்போச்சாம், அடியில ஒரு தளிர் கெளம்பியிருக்கு, அதுல எங்க மாமனாரு ஒட்டுப் போட்டாரு. அவரு அப்ப கெவர்மெண்டு பண்ணையில கூலி. ஒரு வயலு மரத்தைப் பூரா வெட்டச் சொல்லிட்டாங்களாம், வெட்டையில ஒரு மரத்துக் குச்சிய மட்டும் ஈரச்சாக்குல சுத்தி எடுத்தாந்துருக்காரு. இது தின்ன நல்லாருக்கும்னு பண்ணையில ஒரு புள்ள தினம் வந்து பறிச்சுத் தின்னுமாம், அதுனால எடுத்தேம்பாரு." மாமனார் பேர் என்ன என்று கேட்டேன், என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. "சவரிமுத்துங்க." மண்வெட்டிச் சத்தம். சவரிமுத்து. முதுகில் வெயில். எழுந்தேன், மூட்டாவது வலியாவது, கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் இறங்கினேன், அவள் "மேடம் மேடம், வழுக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். தொட்டியோரத்தில் நிற்கிறது. மற்ற எட்டும் கிழடு தட்டி வைரம் பாய்ந்து நிற்க, இது மட்டும் வயது குறைந்த மரம், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒட்டுப் போட்ட இடம் முண்டாக வீங்கியிருக்கிறது. ஒரு பார்வை போதும், இது பின்னால் ஒட்டின மரம் என்று எந்தக் கத்துக்குட்டியும் சொல்லிவிடுவான். பயிற்சிக்கு வந்தவர்களிடம் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன், முதலில் மரத்தைப் பார், பிறகு பழத்தைப் பார் என்று. ஊருக்கு உபதேசம். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தட்டைப் பார்த்தேன்.

ஏழாம் வரிசை, பதினாலாவது மரம். இதோ வருகிறது, இழுக்காமலே வருகிறது. பண்ணையில் நான் சேர்ந்த இரண்டாவது வருஷம், மேற்குச் சரிவில் விதையிலிருந்து வளர்த்த நூற்றிருபது மரம் நின்றது. ஆப்பிள் விதை தாயைப் போல வராது, ஒவ்வொரு விதையும் ஒரு புது ஆள், உலகத்தில் அதுபோல இன்னொன்று கிடையாது, அதனால் அந்த நூற்றிருபதுக்கும் அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் மட்டும்தான். ஒரு சீசன் பூரா மத்தியான வேளையில் நான் 7/14-இல் பறித்துத் தின்றேன். இதற்கு ஒரு பேர் வைக்கலாமே சார் என்று ஆபீசர் பரமசிவம் சாரிடம் கேட்டேன். சிடுமூஞ்சி, ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார், "பேர் வைக்காதேம்மா. வெச்சுட்டா அப்புறம் வெட்ட மனசு வராது." பழம் சின்னது, கை பட்டால் கன்றிப்போகும், லாரியில் வத்தலக்குண்டு வரைகூடத் தாங்காது என்று தள்ளிவிட்டார்கள். ஜனவரியில் வெட்டினார்கள். அன்று நான் லீவு போட்டேன். அப்படியானால் இதற்குப் பேரே கிடையாது. எந்தப் பட்டியலிலும் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, நான் மறக்கவில்லை, மறப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கூட வந்தவளும் காரணம் தெரியாமல் சிரித்தாள். பிழைத்தேன், மதுரையாவது மண்ணாங்கட்டியாவது, பூரணிக்குப் போன் போட்டு நறுக்கென்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்று வருஷம் கழித்து ஒரு துண்டு வாயில் பட்டதும் புளிப்பு முடியுமுன்னே சோம்பு வரும் என்று தெரிந்ததே, இது மறக்கிற மூளையா. பேர் இல்லாமலே முழுசாகத் தெரிந்திருந்தது. பேர் இல்லாமலே. அக்கா காபி டம்ளரை வாங்கினதும் என்ன செய்வாள். என் டம்ளரைத்தான் முதலில் இழுப்பாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பாலாடை ஆகாது, உதட்டில் பட்டாலே குமட்டும், அது எங்கள் வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆள்காட்டி விரலால் ஆடையை வழித்தெடுத்து, தன் டம்ளர் விளிம்பில் தடவிவிட்டு, என் டம்ளரை என் பக்கம் தள்ளுவாள். அத்தான் பேர் போன பிறகும் தள்ளினாள். என் பேர் போன பிறகும் தள்ளினாள். அந்த விரல் ஈரம் காய்வதற்குள் நான் கேட்டேன், என் பேர் என்ன சொல்லு, சொன்னாத்தான் காபி. தெரியும்டி என்று சொன்னாளே, பாவி, அவள் பொய்யா சொன்னாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு இல்லாத ஒன்றைக் கேட்டுக் கேட்டு அந்த மனுஷியை மூன்று வருஷம் அழவைத்தேன். என்னை மன்னிச்சுடு அக்கா. பனியில் நின்றுகொண்டு அழுகிறேன், கிழவி, வெட்கமில்லாமல்.

"உள்ளார வாங்க மேடம், ஈரத்துல நிக்காதீங்க" என்று அந்தப் பெண் என் தோளில் தன் துண்டைப் போர்த்துகிறாள், கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைக்கிறாள். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போகிறாள். ஒன்பதாவது சீட்டை இழுத்து எழுதுகிறேன்: தெரியும். பேர் இல்லை. எமர்சன் இதைப் பித்தளையில் பொறிக்க மாட்டார், தலையைச் சொறிவார், சொறியட்டும், இல்லாவிட்டால் தொட்டி மரம் என்று போட்டுக்கொள்ளட்டும், சவரிமுத்துவின் மருமகள் வைத்த பேர்தானே, அதற்கு என்ன குறைச்சல். தட்டின் அடியில் சீட்டைச் செருகினேன். ஒன்பதும் முடிந்தது, பந்தயம் ஜெயித்தாயிற்று. அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு துண்டு கொடுக்க வேண்டும், அவள் மாமனார் சாக்கில் சுற்றிக் காப்பாற்றியதை அவளோடு தின்ன வேண்டும். கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடி நிற்கிறது. காலையில் கேட்டில் ஓடிவந்து சொன்னாளே. ஸ்வெட்டர் தெரிகிறது, தலைத்துண்டு தெரிகிறது, என் தோளில் இருப்பதே அந்தத் துண்டுதான், மாமனார் பேர் சவரிமுத்து, இவள் பேர், இவள் பேர். அ, ஆ, இ. இல்லை. இதற்குப் பேர் உண்டு. இது 7/14 இல்லை, இவளுக்கு ஞானஸ்நானம் செய்து வைத்த பேர் இருக்கிறது, என் காதில் விழுந்த பேர், நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. முன்பென்றால் "இந்தாம்மா" என்று கூப்பிட்டு ஒப்பேற்றியிருப்பேன். அவள் தண்ணீரோடு வந்து நின்றாள். "உன் பேர் மறந்துபோச்சும்மா" என்றேன், "காலையில் சொன்னாய், எனக்கு நிற்கவில்லை, மறுபடி சொல்லு." அவள் ஆச்சரியப்படவும் இல்லை, பாவமாகப் பார்க்கவும் இல்லை. "மிக்கேலம்மா" என்றாள். "மறந்தா இன்னொருக்காக் கேளுங்க மேடம், எம்பேரு எங்க போயிரப்போவுது." மிக்கேலம்மா, மிக்கேலம்மா. வியாழக்கிழமை மதுரைக்கு வருகிறேன் என்று பூரணிக்குப் போன் போட வேண்டும், அவள் எதிரே டம்ளரோடு உட்காருவதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லியும் வைக்க வேண்டும். "உட்காரு மிக்கேலம்மா" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, ஒன்பதாவது தட்டை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தினேன். டீ ஆறிப்போய் மேலே ஆடை படர்ந்திருக்கிறது. ஆள்காட்டி விரலால் அதை வழித்து விளிம்பில் தடவிவிட்டுக் குடித்தேன்.